தடைக்காலத்தில் ஒரு நள்ளிரவுச் சூரியன்

வடதுருவப் பக்கம் போக எந்த மாதம் நல்லது என்று யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்தான் வரும். வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடுவதைப் பார்க்க வேண்டுமானால் பனிக்காலம். நள்ளிரவில் சூரியனைப் பார்க்க வேண்டுமானால் ஜூன், ஜூலை. நாங்கள் இரண்டிலும் போகவில்லை. காசிமேட்டுக்காரர்கள் எப்போது வெளியூர் போவார்களோ அப்போது போனோம். அதாவது தடைக்காலத்தில்.

மீன்கள் முட்டையிடும் காலம் என்று ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கல்யாணம், காதுகுத்து, பெண் பார்ப்பது, கண் ஆபரேஷன், திருப்பதி, வேளாங்கண்ணி எல்லாவற்றையும் எங்கள் பகுதியில் அந்த இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுவார்கள். என் கணவர் ஏழுமலை விசைப்படகு டிரைவர். கடலில் படகை ஓட்டிப் போகிறவரையும் எங்கள் பக்கம் டிரைவர் என்றுதான் சொல்வோம். எங்கள் கல்யாணம்கூடத் தடைக்காலத்தில்தான் நடந்தது. மகள் பவித்ராதான் இந்தக் கணக்கெல்லாம் தெரியாமல் ஜனவரியில் பிறந்து தொலைத்தாள். அப்போது அவர் கடலில் இருந்தார்.

அந்தப் பவித்ரா இப்போது நார்வேயின் வடக்கே டிரோம்சோ என்ற ஊரில் மீன்களைப் பற்றி மேற்படிப்பு படிக்கிறாள். அப்பா பிடிக்கிறார், மகள் படிக்கிறாள். படிப்பு இந்த வருடத்தோடு முடிகிறது. பிறகு அவளே ஊருக்கு வந்துவிடுவாள். அதனால் போனால் இந்த வருடம் போனதுதான், விட்டால் விட்டதுதான்.

எனக்கு அங்கே ஒரே ஒரு காரியம் இருந்தது. திருவொற்றியூரில் நான் ஒரு டிடிபி கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால் டைப் ஆகித்தான் தெருவுக்குப் போகும். பகல் முழுக்க வாய் ஓயாமல் பேசுவேன். ராத்திரி என்றால் மட்டும் எனக்கு ஆகாது. அவர் கடலுக்குப் போனால் திரும்பி வர பத்து நாள்கூட ஆகும். காற்று பலமாக அடிக்கிற ராத்திரிகளில் ராயபுரம் கடலோரத்தில் கொட்டியிருக்கும் பாறாங்கற்கள் மேல் போய் நிற்பேன். தூரத்தில் விளக்குகள் தெரியும். எது கப்பல், எது படகு, யாருடைய படகு என்று ஒன்றும் தெரியாது. நின்றுவிட்டுத் திரும்பி வருவேன்.

இப்படிப்பட்டவளிடம் பவித்ரா ஒருநாள் போனில், இங்கே கோடையில் ராத்திரியே வராதும்மா, சூரியன் கடல் வரைக்கும் இறங்கும், ஆனால் முழுகாமல் மறுபடி ஏறிவிடும் என்று சொன்னாள். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம். முழுகாத சூரியனை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பச்சை வெளிச்சத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். நாள் முழுக்க இருட்டாக இருக்கும் ஊருக்குக் கடல் தாண்டிப் போய் நிற்பதற்கு எனக்கென்ன தலையெழுத்தா?

எப்போது போவது என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மாநாடே நடந்தது. நானும் என் கணவரும் ஒரு பக்கம். அவருடைய படகில் இன்ஜின் பார்க்கும் பாபு இன்னொரு பக்கம். பவித்ரா போனில்.

"ஜூன் கடைசில வாங்க நைனா. அப்பதான் சூரியன் நல்லா தெரியும்" என்றாள் பவித்ரா.

"ஜூன்ல போட்ட கடல்ல எறக்கணும்மா. தடை முடிஞ்சி மொத தபா போறதுலதான் வருசத்துக்கே சோறு. டிரைவர் இல்லன்னா எட்டு பேரு கரைல குந்திகினு இருக்கணும்" என்றார் இவர். "மே கடைசில பெயின்ட்டு, இன்ஜின் வேலைன்னு நான் இங்க நிக்கணும். மே மொத பாதில வரோம்."

"ஐயோ, அது ரெண்டுங்கெட்டான் சீசன் நைனா. பச்ச வெளிச்சமும் முடிஞ்சிருக்கும், நடுராத்திரி சூரியனும் ஆரம்பிச்சிருக்காது. பனி உருகி தெருவெல்லாம் கலீஜா கெடக்கும். இங்க கீறவங்களே ஊர விட்டு ஓடுற சீசன் அது."

பாபு சிரித்தே விட்டான். "இன்னா மாமு பேசுது பாப்பா? கத்திரில சூரியன் இல்லாம எங்க பூடும்? நம்மூர்லயே கத்திரி வந்தா காலைல எந்திரிக்க சொல்லவே சுள்ளுனு கீது. அங்க கேக்கணுமா? வூட்டுக்கே போவாது."

எனக்கும் அது ரொம்ப நியாயமாகத்தான் பட்டது. உலகத்திலேயே வெயில் அதிகம் அடிப்பது அக்னி நட்சத்திரத்தில். நள்ளிரவுச் சூரியன் என்பது வெயில் மிச்சமாகிப் போய் ராத்திரியிலும் அடிப்பது. அப்படியானால் கத்திரியை விட்டால் வேறு எப்போது? எம்.ஏ. படித்த நான்தான் இப்படி யோசித்தேன். பவித்ரா எவ்வளவோ கத்தினாள். படிச்சிட்டா சூரியனுக்கே டைம் டேபிள் போடுவா போல என்று அவர் போனை வைத்துவிட்டார்.

கத்திரி தொடங்கிய வாரம், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு பாய் கடையில் போய் ஸ்வெட்டர் கேட்டோம். பாய் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மின்விசிறி அனல் காற்றை வாரி வீசிக்கொண்டிருந்தது. "இன்னாம்மா, நல்லாத்தானே கீறே? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கே உற்சாகம் தொற்றிக்கொண்டது. பரணில் ஏறி, பாச்சை உருண்டை நாற்றத்தோடு ஒரு மூட்டையை இறக்கினார். அந்த வேர்வையில் இவருக்குக் குரங்குக் குல்லாவைப் போட்டுப் பார்த்து, அளவு சரியா என்று முன்னும் பின்னும் திருப்பினார். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

டிரோம்சோவில் இறங்கியதும் முதலில் என்னைத் தாக்கியது குளிர் அல்ல, வெளிச்சம். இரவு ஒன்பது மணி இருக்கும். எங்கள் ஊரில் சாயங்காலம் காபி போடும் நேரத்து வெயில் அங்கே அடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பாத்தியா பவித்ரா, உன் அப்பா சொன்னது சரியாப் போச்சு!" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "கொஞ்ச நேரம் பொறுமா" என்றாள்.

அவள் அறையின் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எதிரே தண்ணீர், அதற்கு அப்பால் வெள்ளை வெளேர் என்று மலை. சூரியன் சாய்ந்தது, சாய்ந்தது, மலைக்குப் பின்னால் போய்விட்டது. வெளியே இருட்டவில்லை, வெளுப்பாகத்தான் இருந்தது. சூரியனை மட்டும் காணோம். நான் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் தூங்கிக்கூட விழுந்தேன். எழுந்து பார்த்தபோது வேறு பக்கத்திலிருந்து வெயில் அடித்தது.

"அதான் இருட்டவே இல்லியேம்மே, அப்புறம் இன்னா?" என்றார் இவர்.

"முழுகிட்டு வந்திருக்கு. முழுகிட்டு வர்றதும் முழுகாமலே இருக்கறதும் ஒண்ணா?" என்றேன். போய்விட்டு வருகிறவருக்கு இந்த வித்தியாசம் எங்கே புரியப் போகிறது?

பவித்ரா காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினாள். அந்த ஊரில் சூரியன் முழுகாமல் நிற்கத் தொடங்குவது மே இருபது வாக்கில். நாங்கள் அதற்கு முன்னாலேயே விமானம் ஏறுகிறோம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் வதைத்தது.

அடுத்த இரண்டு நாள் ஊர் சுற்றினோம். பவித்ரா சொன்னது அத்தனையும் உண்மை. பனி உருகி ஓடும் தெருக்களில் பூட்ஸ் சளக் சளக் என்றது, மழை நின்ற மறுநாள் தண்டையார்பேட்டை மாதிரி. பஸ்ஸில் எங்கள் எதிரே இரண்டு மூதாட்டிகள் என் புடவை மேலிருந்த ஸ்வெட்டரையும் இவருடைய குரங்குக் குல்லாவையும் பார்த்துக் கிசுகிசுத்துக்கொண்டார்கள். பவித்ரா காதோடு மொழிபெயர்த்தாள். "பாவம், யாரோ ஏமாத்தி இந்த மாசத்துல கூட்டிட்டு வந்துட்டாங்க." ஏமாற்றியவர் குல்லாவைச் சரிசெய்துகொண்டு அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

சாப்பாடு என்று எதை வைத்தாலும் கூடவே ஒரு உருளைக்கிழங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். மீனை வெறும் தண்ணீரில் வேகவைத்து, மேலே உருக்கிய வெண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் போடுவது போல இருக்கும். ஆனால் மீன் இருக்கிறதே, மீன்! சதை வெள்ளையாக ஏடு ஏடாகப் பிரியும். "இம்மாம் நல்ல மீன வெச்சிகினு இவங்களுக்கு ஒரு கொழம்பு வெக்கத் தெரில பாரு" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ரொட்டிக்கு ஒரு பழுப்பு நிறப் பாலாடைக்கட்டி வைத்துக் கொடுத்தார்கள். அடிபிடித்த பால்கோவாவின் ருசி. நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

மற்ற நேரமெல்லாம் இவர் எங்களைத் துறைமுகத்துக்கு இழுத்தார். அருங்காட்சியகம் போகலாம் என்றால் துறைமுகம் பக்கமாகப் போகலாம் என்பார். மலை உச்சிக்குக் கம்பியில் தொங்கும் பெட்டி போகிறது என்றால், அங்கிருந்து படகு தெரியுமா என்பார். "கடல விட்டு ஒரு வாரம் இருக்க முடியாதா உன்னால?" என்று கத்தினேன். "தோ பாரு, இந்த வலை இழுக்குற வின்ச்ச பாத்துட்டு வந்துடறேன்" என்று போனவர் அரை மணி நேரம் கழித்து ஒரு நார்வேக்காரரோடு தோளில் கைபோட்டபடி வந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

அன்று மாலை நான் சாப்பிடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். இவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"இன்னாம்மே, மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீறே?"

"ஒண்ணுமில்ல."

"சூரியனா?"

அவர் பவித்ராவைக் கூப்பிட்டார். "ஏம்மா, இந்த ஊருக்கு இருவதாம் தேதின்னு சொன்னே. இதுக்கும் வடக்கால ஊரு கீதா?"

"கீது நைனா. கோடி வரைக்கும் ஊரு கீது."

"அங்க எப்ப முழுகாம நிக்கும்?"

பவித்ரா போனைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். முகமே மாறிவிட்டது. "நைனா! அங்க இந்த வாரமே நின்னுடும்!"

"அவ்ளோதானே? காசிமேட்டு எதுக்கால மீன் இல்லன்னா வலைய சுருட்டிகினு வூட்டுக்கா வர்றோம்? ஆந்திரா பக்கம் ஏத்திகினு போறதில்ல? தேதி நம்ம கைல இல்ல. எடம் நம்ம கைல கீது. கெளம்பு."

முப்பது வருடமாக அவர் ஆந்திரா பக்கம் படகை ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் நான் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு எழுந்து போய்ச் சாப்பிட்டேன்.

கரையோரமாக ஊர் ஊராக நின்று போகும் கப்பலில் ஏறினோம். பயணியாகக் கப்பலில் போவது அவருக்கு முதல் முறை. சும்மா உட்கார முடியவில்லை. அலையைப் பார்த்து, இப்ப திருப்பணும், இப்ப வேகம் கொறைக்கணும் என்று காபிக் கடையில் உட்கார்ந்தபடியே கப்பலை ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் சொன்னபடி கேப்டன் ஒரு தடவையும் செய்யவில்லை. "எவன்டா இவனுக்கு லைசென்சு குடுத்தது?" என்று முணுமுணுத்தார். இரு பக்கமும் பனி மூடிய மலைகள் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நின்றன. நான் மேல்தளத்தில், குளிரில் மூக்கு நுனி மரத்துப் போகும் வரை நின்றேன். இவ்வளவு சந்தோஷமாக ஒரு கப்பலில் நிற்பேன் என்று நினைத்ததே இல்லை.

மறுநாள் ஹோனிங்ஸ்வோக் என்ற சிறிய துறைமுக ஊரில் இறங்கினோம். இறங்கியதும் மூவரும் ஒரே நேரத்தில் மூக்கை நிமிர்த்தினோம்.

"கருவாடு!" என்றார் அவர்.

கருவாடேதான். கப்பல் வந்து நிற்கும் துறைக்குப் பின்னால் ஆள் உயர மரச்சட்டங்களில் ஆயிரக்கணக்கான மீன்கள் இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கின. உப்பே போட மாட்டார்களாம். குளிர்காற்றிலேயே காய வேண்டும். ரொம்பக் குளிர்ந்தால் மீன் உறைந்து வெடித்துவிடும், சூடு வந்தால் ஈ மொய்க்கும். வருடத்தில் இந்த மாதங்களில்தான் காயும் என்று பவித்ரா விளக்கினாள். கருவாடு எடுத்துப்போகிறேன் என்று சொன்ன அவரை, நாறும் நைனா, வேண்டாம் என்று தடுத்தவளும் அவள்தான். இப்போது ஒரு ஊரே நாறிக்கொண்டிருந்தது. அவர் அந்தச் சட்டங்களுக்கு நடுவில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "டேய் பாபு, நீ இல்லியேடா" என்றார். ரெண்டுங்கெட்டான் சீசன் என்ற பேச்சை அதற்குப் பிறகு பவித்ரா எடுக்கவில்லை.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரி பெயர் மாரிட். என் வயதுதான் இருக்கும். அறைகளை வாடகைக்கு விடுகிறாள், விருந்தாளிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வடகோடி முனைக்கும் போய் வருகிறாள். இந்த மாதத்தில் வந்திருக்கிறீர்களே என்று அவளும் ஆச்சரியப்பட்டாள். காரணத்தைப் பவித்ரா மொழிபெயர்த்ததும், மீன்பிடிக்கவே கூடாதென்று இரண்டு மாதமா என்று வாயைப் பிளந்தாள். பெரிய சிலந்தி நண்டு ஒன்றை வேகவைத்து வைத்தாள். ஒரு கால் என் முழங்கை நீளம் இருந்தது. பவித்ராவின் டப்பாவிலிருந்து மிளகாய்த்தூளை நான் மேலே தூவ, மாரிட் தானும் கேட்டு வாங்கித் தின்றாள். மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டக் கொட்ட, நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றாள்.

அன்று இரவே முனைக்குக் கிளம்பினோம். அங்கே கடலுக்கு மேல் ஓங்கி நிற்கும் பாறை உச்சியிலிருந்து பார்த்தால் வடக்கே தடையே இல்லாமல் கடல் தெரியும் என்றாள் மாரிட். மறுநாள் காலை எங்களுக்குத் திரும்பும் விமானம். இந்த ஒரு ராத்திரிதான்.

வழியில் கலைமான் கூட்டம் ஒன்று நடுரோட்டில் நின்றது. மாரிட் ஹாரன் அடிக்கவில்லை, இறங்கித் துரத்தவும் இல்லை. அவை பார்த்தன, நாங்கள் பார்த்தோம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எருமைகளிடம் நான் பழகிய பொறுமை கைகொடுத்தது. அவை போனதும் கொஞ்ச தூரத்தில் சாலைக்குக் குறுக்கே கட்டை போட்டிருந்தது. முந்தின நாள் விழுந்த பனியைத் தள்ளிக்கொண்டு ஒரு வண்டி முன்னால் போகுமாம், அதன் பின்னால் வரிசையாகத்தான் விடுவார்களாம். சென்ட்ரல் ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியும்போது ரயிலைக் கொண்டுபோய் பேசின் பிரிட்ஜில் நிறுத்தி வைப்பார்களே, அதே வயிற்றெரிச்சல். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்று பழகிய என் கணவர் இறங்கிப் போய் என்ன நிலவரம் என்று விசாரித்துவிட்டு வந்தார். யாரிடம், எந்த மொழியில் விசாரித்தார் என்று நான் கேட்கவில்லை.

ஒருவழியாகக் கட்டையைத் தூக்கினார்கள். பனி தள்ளும் வண்டியின் மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டே ஏறினோம்.

உச்சியில் இறங்கினால் ஒன்றுமே தெரியவில்லை. பாலைக் கொட்டி வைத்தது போல மூடுபனி. முனையில் ஒரு பெரிய இரும்பு உருண்டையை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், படம் எடுக்க. பத்தடி கிட்டத்தில் போன பிறகுதான் அதுவே தெரிந்தது. கடல் எங்கே, வானம் எங்கே? கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காற்று குல்லாவுக்குள் புகுந்து விசில் அடித்தது. பவித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் காத்திருந்தால் விலகலாம் என்றாள் மாரிட். காத்திருந்தோம், விலகவில்லை.

வேனுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு வயதாகிவிட்டதே என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அப்போது இந்த மனிதர் கேட்கிறார், "ஏம்மா பவித்ரா, இங்க கிட்டக்க மீன் எறக்குற எடம் எதுனா கீதா? வந்ததுக்கு அத்தயாவது பாத்துட்டு போலாம்."

எனக்கு வந்ததே கோபம்! "சூரியனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இந்த நேரத்துல உனக்கு ஹார்பர் கேக்குதா? நீ மனுசனா?"

பவித்ரா எங்கள் சண்டையை மொழிபெயர்த்தாளா, மாரிட்டே ஊகித்தாளா தெரியவில்லை. வண்டியைக் கிளப்பியபடி அவள் ஏதோ சொன்னாள். வழியில் பிரியும் சாலையில் கீழே இறங்கினால் ஒரு சின்ன மீனவ கிராமம். அவள் கணவர் இன்று அங்கேதான் மீன் இறக்குகிறார். எப்படியும் அவரை ஏற்றிக்கொண்டு போகத்தான் வேண்டும். இவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேன் வளைந்து வளைந்து இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். ஏதோ ஒரு வளைவில் மூடிய இமைக்குள் சிவப்பாகத் தெரிந்தது. கண்ணைத் திறந்தேன். பனிமூட்டம் எங்கள் தலைக்கு மேலே கூரை மாதிரி நின்றுகொண்டிருந்தது. நாங்கள் அதற்குக் கீழே வந்துவிட்டோம். அந்தக் கூரைக்கும் கடலுக்கும் நடுவில், வடக்கே, பழுத்த பழம் போல சூரியன்.

வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டேன். படகுத்துறைப் பலகைகள் மேல் ஓடினேன். ஸ்வெட்டர் ஒரு பக்கம், புடவை ஒரு பக்கம். மணி நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. சூரியன் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. நேராக இறங்கவில்லை, இடமிருந்து வலமாகச் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. அடி விளிம்பு கடலுக்கு ஒரு விரற்கடை மேலே வந்துவிட்டது. போச்சு, முழுகப் போகிறது என்று நினைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். தண்ணீரைத் தொட்டது போல இருந்தது. அப்படியே, கடல் மேல் உருண்டுகொண்டு போவது போல, பக்கவாட்டில் நகர்ந்தது. நகர்ந்தது. பிறகு விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி விழுந்தது.

"முழுகல!" என்று கத்தினேன். "பவித்ரா, முழுகல! ஏம்ப்பா, முழுகல பாரு!" குதித்தேன். மாரிட் கைதட்டினாள். கூரைகள் மேல் உட்கார்ந்திருந்த கடல் காகங்கள் எல்லாம் பதறிப் பறந்தன. பவித்ரா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அவள் பிறந்தபோது வந்தது, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

கொஞ்சம் அடங்கிய பிறகுதான் பார்த்தேன். தண்ணீரில் நீண்டு கிடந்த அந்தப் பொன் வெளிச்சத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. மாரிட் அதைக் காட்டிச் சிரித்தாள். "அவர்தான்." நள்ளிரவில், கரையில் நின்றுகொண்டு, கடலில் வரும் ஒரு படகை என் கண்ணால் பார்த்தேன். விளக்கை அல்ல, படகை. அதன் மூக்கு, அதன் சின்ன அறை, பின்னால் சுற்றும் பறவைகள் எல்லாம் தெரிந்தன.

கணவர் வருகிற ராத்திரியில் நீ காத்திருப்பாயா என்று அவளைக் கேட்கச் சொன்னேன். பவித்ரா கேட்டுச் சொன்னாள். "பனிக்காலத்துல ஜன்னல் பக்கமே பாக்க மாட்டேன். கோடைல, ஜன்னலுக்கு எதிர்ல கடல்ல கீற பாறைய அவர் தாண்டினதும் பாத்துட்டு காபி வைப்பேன்." நான் மாரிட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

படகு பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஒத்த ஆளாவா போறான்?" என்றார் என் கணவர். அதுவரை சூரியனைக்கூடச் சும்மா ஒரு தரம்தான் பார்த்திருந்தார். "இன்னாத்துக்கு நிறுத்திட்டான்?"

மாரிட் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினாள். இவர் வாங்கவில்லை. பலகைகள் மேல் அந்தக் கோடிக்குப் போனார், இந்தக் கோடிக்கு வந்தார். "இன்ஜின் போச்சா? பவித்ரா, ரேடியோல கூப்ட சொல்லும்மா."

"மீன சுத்தம் பண்றாராம் நைனா. இங்க வந்தா அந்த எடத்துலதான் நிறுத்துவாராம்."

"இம்மாம் நேரமா? இவங்களுக்கு இன்னா, பதட்டமே இல்லியா? ஒத்த ஆளு, கால் கீல் வழுக்கி உள்ள வுழுந்தா?" கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். மறுபடி நடந்தார். "இன்னும் வரலியே."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்ப்பா, இப்பதான் நின்னுச்சு. அதுவும் பட்டப்பகல் மாதிரி வெளிச்சத்துல, கண்ணுக்கு எதுக்காலயே. இதுக்கே இப்படியா?"

அவர் நடப்பதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். இந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு படகுக்காகக் கரையில் நின்று காத்திருந்ததே இல்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. எப்போதும் படகிலேயே இருந்தவர்.

"நீ ராயபுரத்துல அந்தக் கல்லு மேல நின்னுகினு இருப்பேன்னு பாபு வூட்ல சொல்லுவாங்க" என்றார் மெதுவாக. "இருட்டுல இன்னாதான் தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதான்."

என் கையிலிருந்த காபியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு படகு கிளம்பி, கரைக்கு வந்து, கயிறு போடும் வரைக்கும் என் பக்கத்தை விட்டு நகரவில்லை. கயிற்றைப் பிடித்துக் கட்டியதும் அவர்தான். சூரியன் அதற்குள் கடலுக்கு நன்றாக மேலே ஏறியிருந்தது.

ஊருக்கு வந்ததிலிருந்து கடைக்குப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள்கூட, அந்த இருட்டாத ஊருக்குப் போக எந்த சீசன் நல்லது என்று கேட்கிறார்கள். பவித்ரா சொன்ன ஜூன், ஜூலையைத்தான் சொல்கிறேன். அதில் தப்பே வராது.

அப்போ நீங்க ஏம்மா மே மாசம் போனீங்க என்று சிலர் விடாமல் கேட்பார்கள். எங்களுக்கு அதுதான் சீசன் என்பேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் கரையில் இருப்பார்.